கொலு முடிந்தது, 43 ஆப்பிள் மிச்சம்: என்ன செய்தால் தேவலை?

கொலுப் படிகளைக் கழற்றி வைத்த மறுநாள், வீட்டில் அங்கங்கே கிடந்த ஆப்பிள்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு கூடை, சாமி அலமாரிக்கு அடியில் ஒரு பை, ஃபிரிட்ஜில் இரண்டு பை. எண்ணிப் பார்த்தால் 43. ஒன்பது நாளும் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு, மூன்று என்று கொண்டுவந்தது. நாம் வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்து அனுப்புகிறோம், அவர்கள் ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஊரில் என்றால் வாழைப்பழம் வரும். இங்கே வாழைப்பழம் மூன்றாம் நாளே கறுத்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் கிடையாது, ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் அது கப்பலேறி வந்துவிடுகிறது. சீனாவின் ஷாண்டோங், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஜப்பானின் அவோமோரி என்று வடக்கே எங்கும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஆப்பிள் பறிக்கிற காலம். ஈரச்சந்தையிலும் பேரங்காடியிலும் புதுப் பழம் வந்து குவியும். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் பெட்டியாகவே வாங்கிப் பங்கு போட்டுக்கொள்பவர்களும் உண்டு. 18 கிலோ அமெரிக்கப் பெட்டியின் மேல் 88 என்று போட்டிருந்தால் உள்ளே 88 பழம், அதாவது ஒன்று 200 கிராமுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கில் என்னிடம் இருந்தது அரைப் பெட்டி.

மிஞ்சிய ஆப்பிளை என்ன செய்வது என்று தேடினால் ஐம்பது வழி கிடைக்கும். பெரும்பாலும் அவை குளிர்நாட்டில், வீட்டுக்கு அடியில் ஒரு சேமிப்பறையும் தனி ஃபிரீசரும் வைத்திருப்பவர்களுக்கானவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் நாலறை வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நான் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன்: செய்ததை எங்கே வைப்பது, வீட்டில் யார் தின்பார்கள், வேலைக்குப் போய்விட்டு வந்த ராத்திரியில் செய்து முடிக்க முடியுமா. சுவை நாலாவது கேள்விதான். அத்தைக்கு நீரிழிவு, பிள்ளைகள் இருவருக்கும் காரம் ஆகாது, ஃபிரீசர் சின்னது. ஒரே நல்ல விஷயம், புரட்டாசி விரதத்தால் அந்தச் சின்ன ஃபிரீசரில் மீனும் கோழியும் இல்லாமல் பாதி இடம் காலியாகக் கிடந்தது.

முதலில் பிரிக்க வேண்டும்

பழைய தமிழ் முரசு நாளிதழைத் தரையில் விரித்து ஆப்பிள்களைப் பரப்பினேன். ஸ்டிக்கரில் இருக்கும் நான்கு இலக்க எண் இங்கே உதவும். 4017 என்றால் பச்சை கிரானி ஸ்மித், 4131 என்றால் ஃபூஜி, 4016 என்றால் அடர்சிவப்பு ரெட் டெலிஷியஸ். பச்சை புளிப்பு, வெந்தாலும் சுவை நிற்கும். ஃபூஜி இனிப்பு, கடித்துத் தின்ன அதைவிட நல்லது இல்லை. ரெட் டெலிஷியஸ் பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் மாவு மாதிரி ஆகிவிடும்.

அடிபட்டுப் பழுப்பாகிப்போனவை சமையலுக்கு ஆகும், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். பூசணம் பிடித்தது வேறு விஷயம். அழுகிய பாதியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபாதியை வேகவைக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆப்பிளில் வரும் நீலப் பூசணம் பட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும், அது கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கும் பரவும், கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது. அப்படி மூன்று பழம் குப்பைக்குப் போயின. மனது கேட்கவில்லைதான்.

மீதி 40. இதில் எல்லாவற்றையும் உடனே சமைத்தாக வேண்டும் என்று பதறத் தேவையில்லை. ஆப்பிள் குளிரில் நன்றாகத் தாங்கும் பழம். மேசை மேல் நம் 30 டிகிரி சூட்டில் ஒரு வாரத்தில் தளர்ந்துபோகிற பழம், பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் ஒரு மாதமாவது மொறுமொறுப்பாக இருக்கும். கடைக்கு வருகிற பழமே சில சமயம் குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவதுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். அதே தட்டில் கீரையும் கொத்தமல்லியும் இருந்தால் அவை மஞ்சளாகிவிடும். பையை இறுகக் கட்டி வைத்தால் போதும். நல்ல ஃபூஜிகளில் 14 அப்படியே ஃபிரிட்ஜுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஆச்சு. வேலையே இல்லாத வழி இதுதான், பலர் மறந்துவிடுவதும் இதைத்தான்.

தொக்கு

பச்சை ஆப்பிளை அடுப்பில் ஏற்றும்போது வருகிற வாசனையில் மாங்காய் ஞாபகம் வராமல் போகாது. 1868ஆம் ஆண்டு வாக்கில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த வகை இது. தன் பெயரைத் தாங்கிய பழம் ஒருநாள் பெருங்காயமும் வெந்தயமும் போட்டு நல்லெண்ணெயில் சுருளும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்க மாட்டார்.

பச்சை ஆப்பிள் ஐந்து, ஏறக்குறைய ஒரு கிலோ. வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே பூசியிருக்கும் மெழுகு போகும். தோலோடு துருவ வேண்டும். துருவத் துருவவே கறுக்க ஆரம்பிக்கும், அதனால் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பைப் பாத்திரத்தில் முன்னாலேயே போட்டு அதன் மேலேயே துருவி விழச் செய்து, நடுநடுவே கலந்துவிடுவேன். அடி கனமான சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். கடுகு வெடித்ததும் துருவலும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும். இங்கேதான் மாங்காய்க்கும் இதற்கும் வித்தியாசம். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். முதல் பத்து நிமிஷம் தொக்கு ஆகாது, கூட்டு மாதிரித்தான் கொதித்துக்கொண்டிருக்கும். பயந்து மாவு கீவு கரைத்து ஊற்ற வேண்டாம், மிதமான தீயில் விட்டால் கால் மணி நேரத்தில் தண்ணீர் சுண்டிவிடும். அதற்கு அப்புறம் இரண்டரை மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், நெல்லிக்காய் அளவு வெல்லம். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. கோடு நின்று, அதன் ஓரத்தில் சிவந்த எண்ணெய் கசிந்து வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒவ்வொரு தேக்கரண்டி தூவலாம்.

துருவுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை முக்கால் மணி நேரம். ஐந்து பழம் இரண்டு காலிக் காயா (ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாம்) பாட்டிலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கிலோ பழத்துக்கு இதைவிடக் குறைவான இடம் எடுக்கும் வழி இல்லை. ஃபிரீசரும் வேண்டாம், ஃபிரிட்ஜ் கதவிலேயே நிற்கும். ஈரமில்லாத கரண்டி போட்டால் மூன்று வாரம் தாராளமாக வரும். வெளியில் மட்டும் வைக்கக் கூடாது. பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி பரணில் வருஷம் முழுக்க நின்றது அதில் போட்ட உப்பினாலும் ஊர் வெயிலினாலும். இதில் உப்பு அந்த அளவு இல்லை.

ஃபூஜியிலும் தொக்கு செய்து பார்த்தேன். இனிப்பு தூக்கலாகிவிடுகிறது, ஏழெட்டு லிமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சை) பிழிந்த பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது. பிள்ளைகள் தொட மாட்டார்கள், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் அளவோடுதான் தின்ன வேண்டும். ஆனால் தயிர்சாதமும் இதுவும் இருந்தால் வேலைக்கு எடுத்துப்போகும் மதிய உணவு ஒரு வாரத்துக்குத் தீர்ந்தது.

மசியல்

தளர்ந்துபோன பழத்துக்கு இதுதான் கதி, நல்ல கதி. ரெட் டெலிஷியஸ், அடிபட்ட காலா, ஃபிரிட்ஜில் தள்ளாடிக்கொண்டிருந்த ஃபூஜி எல்லாம் சேர்த்து 12 பழம். நாலாக வெட்டி, நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு விதை தெரியாமல் விழுங்கினால் ஒன்றும் ஆகாது, ஆனால் விதையில், அரைபட்டால் சயனைடு நச்சை விடும் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. விதையோடு மிக்சியில் அரைக்கக் கூடாது, கசப்பும் ஏறும்.

போன வருஷம் குக்கரில் போட்டேன். நாலு விசில் விடலாம் என்று நினைத்து நகர்ந்ததுதான் தப்பு. முதல் விசிலுக்குப் பதில் மஞ்சள் நுரை பீய்ச்சி அடித்தது. சுவர், அடுப்பு மேடை, மேலே புகைபோக்கி, பக்கத்தில் காயப்போட்டிருந்த பிள்ளையின் பள்ளிச் சட்டை, எதையும் விடவில்லை. ஆப்பிள் வேகும்போது நுரைத்துப் பொங்கும், அந்தக் கூழ் ஆவி வெளியேறும் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். சுவர் அழுக்கானதோடு போனது நல்ல நேரம். இந்த வருஷம் அகலச் சட்டி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு பட்டை, தட்டு போட்டு மூடி இருபது நிமிஷம். பட்டையை எடுத்துவிட்டு மத்தாலேயே கடையலாம், தோல் தெரியக் கூடாது என்றால் மிக்சி. சீனி ஒரு பொட்டுகூட வேண்டாம்.

12 பழத்துக்கு இரண்டு கிலோ அளவுக்கு வந்தது. ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கலாம் என்று ஆரம்பித்தேன், தட்டு போதவில்லை. அப்புறம் பூட்டுப் பையில் 200 கிராம் வீதம் போட்டு, கையால் தட்டையாக்கி, காற்றை வெளியேற்றி, படுக்க வைத்தேன். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம். பத்துப் பை, ஒரு ரொட்டி பாக்கெட் அளவு இடம். தட்டையாக இருப்பதால் தண்ணீரில் போட்டால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். மூன்று மாதம் வரை சுவை மாறாது.

வீட்டில் மூன்று தலைமுறையும் தின்றது இது ஒன்றைத்தான். பிள்ளைகளுக்குத் தயிரில் கலந்து, எனக்கு ஓட்ஸ் கஞ்சியில், ஞாயிற்றுக்கிழமை பணியார மாவில் ஒரு பை. கேக் செய்கிறவர்கள் எண்ணெயில் பாதியைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் இதைப் போடலாம். அத்தை, "சீனி போடலையே, அப்ப எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்தானே?" என்று கேட்டார். அப்படி இல்லை, அத்தை. 100 கிராம் ஆப்பிளில் இயற்கையாகவே 10 கிராம் சீனி இருக்கிறது, வெந்து கூழானால் பழமாகக் கடிப்பதைவிட வேகமாக உள்ளே போகும். தோலோடு செய்தால் நார்ச்சத்தாவது மிஞ்சும். அரைக் கிண்ணம் என்று பேசி முடித்திருக்கிறோம். அந்தக் கிண்ணத்தின் அளவுதான் நாளுக்கு நாள் வளர்கிறது.

தொக்கா, மசியலா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பழத்தை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். விரல் இறங்காத புளிப்புப் பழம் தொக்குக்கு, விரல் பதிகிற இனிப்புப் பழம் மசியலுக்கு. ஃபிரீசரில் இடமே இல்லாத வீடு என்றால் தொக்கு, வீட்டில் கைக்குழந்தையோ பல்லில்லாத பெரியவரோ இருந்தால் மசியல்.

ஜாம், அல்வா

ஜாம் நன்றாகவே வரும். தோலிலும் நடுத்தண்டிலும் பெக்டின் நிறைய இருப்பதால் ஆப்பிள் தானாகவே இறுகும், வேறு பொடி எதுவும் வேண்டாம். ஒரு கிலோ பழத்துக்கு 650 கிராம் சீனி, ஒரு எலுமிச்சை, 105 டிகிரி வரை கொதி. வெப்பமானி இல்லாவிட்டால் ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். பிரச்சினை அந்த 650 கிராம்தான். நீரிழிவுள்ள வீடு என்று பாதியாகக் குறைத்தால் ஜாம் இறுகாது, பூசணமும் சீக்கிரம் வரும். குறைத்தால் ஜாம் இல்லை, போட்டால் அத்தைக்கு இல்லை. அதோடு, காயா இருக்கிற ஊரில் ரொட்டியில் ஆப்பிள் ஜாம் தடவுகிறவர் எத்தனை பேர்? ஆசைக்கு ஒரு முறை செய்து அலுவலகத்தில் கொடுக்கலாம். பரிசாகக் கொடுக்க இதை மிஞ்ச வேறு இல்லை.

அல்வாவைச் சேமிக்கும் வழியில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது தீர்த்துக்கட்டும் வழி. ஐந்து பழத்தைத் துருவி, 100 கிராம் நெய்யில் வதக்கி, கால் கிலோ சீனி போட்டு அரை மணி நேரம் கிளறினால் எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று வாய். விருந்தாளி வருகிற நாளில் பேஷ். 40 ஆப்பிளை வைத்துக்கொண்டு முழிக்கிறவருக்கு அது விடை ஆகாது. ஆனால் உறைந்த மசியல் இருந்தால் அதிலிருந்தே அல்வா கிளறலாம், துருவுகிற வேலை மிச்சம்.

எனக்குச் சரிப்படாதவை

காயவைத்த ஆப்பிள் வில்லை மேல் எனக்கு ஆசை அதிகம். ஊரில் மொட்டைமாடியில் வற்றல் போட்டு வளர்ந்தவள். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், அக்டோபர், நவம்பரில் மத்தியானம் ஆனால் இடி மழை. துணி காய்வதற்கே மூங்கில் கழியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. மின்சாரக் கருவியில் 60 டிகிரி சூட்டில் ஏழெட்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு கிலோ பழம் 150 கிராம் சில்லாக வந்தது, மொறுமொறு என்று அருமை. பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுத் தொலைபேசி பேசப் போனேன். திரும்பி வருவதற்குள் நமத்துப் போய்த் தோல் மாதிரி இழுத்தது. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, காற்றுப் புகாத சின்னச் சின்னப் பாட்டில்களில் அடைத்து, திறந்தால் ஒரே மூச்சில் தின்றுவிடும் குடும்பங்களுக்கு இது சரி.

ஜூஸ் வேகமான வழி, பத்துப் பழம் பத்து நிமிஷத்தில் காணாமல் போகும். அதுவேதான் குறையும். ஒரு தம்ளருக்கு இரண்டு மூன்று பழம், நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்கு. இங்கே கடையில் விற்கும் பாக்கெட், பாட்டில் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் தரம் வந்துவிட்டது, ஏ நல்லது, டி மோசம். 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. வீட்டில் பிழிந்த சுத்தமான ஆப்பிள் ஜூஸ், ஒரு துளி சீனி சேர்க்காமலே, சி-க்கும் டி-க்கும் நடுவில் எல்லைக்கோட்டில் போய் நிற்கும். பிள்ளைகளுக்கு அரைத் தம்ளர் கொடுத்தேன், அத்தையிடம் காட்டவில்லை.

வெட்டிய தோலையும் தண்டையும் சீனித் தண்ணீரில் ஊறப்போட்டு வினிகர் செய்வது செலவில்லாத வழி. நம் சூட்டுக்கு நுரைப்பும் புளிப்பும் மளமளவென்று ஏறும், ஆறேழு வாரத்தில் ஆகிவிடும். முதலில் சீனி சாராயமாக மாற வேண்டும், அப்புறம் காற்று பட்டு அது புளிக்க வேண்டும், அதனால் மூடியைத் திருகாமல் துணி கட்டித்தான் வைக்க வேண்டும். துணியில் நூல் அளவு இடுக்கு இருந்தாலும் பழ ஈ புகுந்துவிடுகிறது. மூன்றாம் வாரம் அடுக்களை வாசனையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வீட்டு வினிகரின் புளிப்பு எவ்வளவு என்று அளக்க நம்மிடம் கருவி இல்லை, அதனால் அதை நம்பி ஊறுகாய் போடக் கூடாது. சாலட்டில் ஊற்றலாம், தண்ணீர்க் குழாய்க் கறையைத் துடைக்கலாம். இந்த வருஷம் தோலை எல்லாம் தொக்கிலும் மசியலிலும் சேர்த்தே வேகவிட்டதால் வினிகருக்கு மிச்சமே இல்லை.

கடைசிக் கணக்கு இது: ஃபிரிட்ஜில் 14, மசியலுக்கு 12, தொக்குக்கு 10, குப்பைக்கு 3. மிஞ்சிய நாலு பச்சை ஆப்பிளை மேல்மாடி மாக்சிக் (மலாய் அம்மா) ரோஜாக் என்ற பழக் கலவைக்கு என்று கேட்டு வாங்கிப்போனார். போகும்போது தொக்கு பாட்டில் ஒன்றும் அவர் கையில் போனது.

தீபாவளி அல்வாவுக்கு மூன்று பை மசியல் என்று பேனாவால் எழுதி ஒதுக்கி வைத்தேன். விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தேக்கா சந்தையிலிருந்து மூன்று கிலோ வஞ்சிரமும் ஒரு கோழியும் வாங்கி வந்து ஃபிரீசரைத் திறந்தார். சற்று நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றவர், "இந்தப் புத்தகத்தையெல்லாம் எப்ப படிச்சு முடிப்பீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி பணியாரம்.